ஊருக்குக் குறிப்பு எழுதுறது எப்பிடி? கொரியாவின்ர கியோங்ஜுவ வச்சு ஒரு பாடம்

வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டுக்கு மேல்மாடியில ஒரு தம்பி கொரியாவுக்கு வேலைக்குப் போக பாஷை எக்ஸாமுக்குப் படிச்சுக்கொண்டிருக்கிறான். நான் சாத்திரம் கொஞ்சம் பாக்கிறனான் எண்டு தெரிஞ்சு ஒருநாள் படிக்கட்டில மறிச்சு, அக்கா ஆளுக்குக் குறிப்பு எழுதுற மாதிரி ஊருக்கு எழுதேலாதோ, கியோங்ஜு எண்டொரு ஊர் இருக்கு, சில்லா ராச்சியத்தின்ர தலைநகரா கிட்டத்தட்ட ஆயிரம் வருசம் இருந்ததாம், அதுக்கு எழுதித் தாங்கோவன் எண்டான். பகிடிக்குத்தான் தொடங்கினன், பேந்து ரெண்டு கிழமை அதிலயே கிடந்தன். நான் செஞ்ச மாதிரி நீங்களும் செய்யலாம், அதான் எழுதுறன்.

முதல்ல பிறந்த நாள். ஊருக்கு இதுதான் பெரிய தலையிடி. கொழும்ப எடுங்கோ, எந்த நாள வைப்பீங்கள்? போத்துக்கேயர் வந்த 1505ஓ, மாநகரசபை வந்த 1865ஓ? அதுக்கு முதலே துறைமுகம் இருந்ததே. ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு ஆள் சண்டைக்கு வருவினம். கியோங்ஜுவுக்கு அந்தக் கரைச்சல் குறைவு, ஏனெண்டா 1145இல கிம் பூசிக் தொகுத்த சம்குக் சாகி எண்ட வரலாற்று நூலில நாளே எழுதியிருக்கு: முதல் ராசா ஹ்யோக்கோசே கி.மு. 57இல, கப்ஜா வருசம், நாலாம் மாசம், பியொங்ஜின் நாளில, 13 வயசில முடிசூடினார் எண்டு. அதே இடத்தில, முதலாம் மாசம் 15 எண்டும் சொல்லுவினம் எண்டு இன்னொரு நாளும் போட்டிருக்கு. சந்திர மாசத்தில 15 எண்டா பூரணை, எங்கட கணக்கில போயா லீவு. கோட்டை கட்டினது அதுக்கு 20 வருசத்துக்குப் பிறகு, கி.மு. 37இல. அப்ப கலியாண நாளோ, வீடு குடிபூந்த நாளோ எண்டு ஒண்ட முடிவெடுக்க வேணும். நான் கி.மு. 57, நாலாம் மாசத்த எடுத்தன். எத எடுத்தாலும் முதல் வரியிலயே சொல்லிப்போடுங்கோ, சொல்லாம விட்டா பிறகு எல்லாம் புளுகு மாதிரித்தான் இருக்கும்.

ஒரு சங்கதி. கப்ஜா எண்டது அவையின்ர 60 வருசச் சக்கரத்தில முதலாவது, எங்கட பிரபவ மாதிரி. ஆயிரத்திருநூறு வருசத்துக்குப் பிறகு எழுதின நூல், ராச்சியம் சரியா முதலாம் வருசத்தில தொடங்குது எண்டா, பின்னுக்கு வந்த ஆக்கள் வடிவுக்கு ஒழுங்குபடுத்தின நாளா இருக்கும் எண்டுதான் வரலாற்றுக்காரர் கன பேர் நினைக்கினம். எனக்கும் அப்பிடித்தான் படுது. ஆனா ஒரு ஊர் தனக்கு எண்டு தெரிவுசெஞ்ச பிறந்தநாளும் அந்த ஊரின்ர குணத்தச் சொல்லும்தானே, அதால நான் விடேல்ல.

அடுத்தது எந்த முறை. எங்கட லக்கினம், ராசிக்கட்டத்த கொண்டுபோய் அதுக்கு மேல ஒட்டாதேங்கோ. பிறந்த நேரம் இல்ல, நேரம் இல்லாம லக்கினம் இல்ல. நேரத்தில விளையாடக் கூடாது எண்டு இஞ்ச எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்ல. 1996இல இலங்கை மணிக்கூட்ட முன்னுக்குத் தள்ளி, அந்த வருசமே திருப்பிக் கொஞ்சம் இழுத்து, 2006இல பழைய இடத்துக்குக் கொண்டுவந்தவை, அந்த இடையில பிறந்த பிள்ளையளின்ர குறிப்பில அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் பிழைச்சு பொருத்தம் பாக்கிற நேரம் வீட்டில நடந்த சண்டைய நான் கண்ணால கண்டிருக்கிறன். கியோங்ஜுவுக்கு அந்த ஊர் முறையான சாஜுவையே எடுங்கோ. சாஜு எண்டா நாலு தூண்: வருசம், மாசம், நாள், நேரம். ஒவ்வொரு தூணிலயும் மேல ஒரு எழுத்து, கீழ ஒரு எழுத்து. மேல உள்ளது மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணி எண்ட அஞ்சில ஒண்டு, கீழ உள்ளது எலி தொடங்கி பண்டி வரைக்கும் 12 மிருகத்தில ஒண்டு. நாள் தூணின்ர மேல் எழுத்துத்தான் ஆள், மற்றதெல்லாம் ஆளச் சுத்தி நிக்கிற சொந்தக்காரர்.

இப்ப எழுதிப் பாருங்கோ. கப்ஜா வருசம்: மேல மரம், கீழ எலி. 1984இல பிறந்த ஆக்களுக்கும் இதே வருசத் தூண்தான் (எங்கட ரக்தாட்சி). கப்ஜா வருசத்தில நாலாம் மாசம் கிசா: மேல மண், கீழ பாம்பு. நாள் பியொங்ஜின்: மேல நெருப்பு, கீழ ட்ராகன். அதுவும் விளக்கு நெருப்பில்ல, சூரிய நெருப்பு. நேரத் தூண் வெறும் பெட்டி. அத அப்பிடியே வெறுமையா விடுங்கோ.

அப்ப கியோங்ஜு சூரியன், வெயில் தொடங்குற மாசத்தில பிறந்த சூரியன், விறகு குடுக்க வருசத்தில மரமும் நிக்குது. எனக்கு இதிலதான் மயிர் கூச்செறிஞ்சது, ஏனெண்டா ஹ்யோக்கோசே எண்ட பேருக்கே உலகத்த ஒளியால ஆளுறவன் எண்டுதான் பழைய நூலில விளக்கம் சொல்லியிருக்கு. ஆனா கீழ இருக்கிற ட்ராகனச் சும்மா விடாதேங்கோ. சாஜுவில ட்ராகன் எண்ட எழுத்து தண்ணியின்ர களஞ்சியம், எலி தண்ணியேதான். சூரியன் தண்ணித் தாங்கிக்கு மேல இருக்குது. ஊரப் பாருங்கோ: முதல் ராசா நாஜொங் எண்ட கிணத்தடியில முட்டையிலிருந்து வந்தவர், ராணி இன்னொரு கிணத்தடியில ட்ராகன்ர விலாவிலிருந்து வந்தவ, கொரியாவின்ர மூண்டு ராச்சியத்தையும் சேத்த முன்மு ராசா 681இல செத்தாப்பிறகு கடல் ட்ராகனா மாறிக் காவல் நிப்பன் எண்டு சொல்லி அவரின்ர சமாதியே கடலுக்குள்ள பாறையில இருக்குது. 674இல அரண்மனைக்குப் பக்கத்தில குளம் ஒண்டு வெட்டினவை. 1975இல அதத் தோண்டேக்க 14 முகம் உள்ள மரத் தாயக்கட்டை ஒண்டு சேத்துக்குள்ளால வந்தது, குடிச்சு விளையாடுற விருந்தில உருட்டுறது. ஆயிரம் வருசத்துக்கு மேல தண்ணிக்குள்ள பழுதாகாம கிடந்த சாமான், பாதுகாக்க எண்டு காயவைக்கேக்க எரிஞ்சு போச்சு. இப்ப இருக்கிறது அதப் பாத்துச் செஞ்ச நகல். நெருப்பும் தண்ணியும் எண்டு நான் எழுதினா மிகைப்படுத்துறன் எண்டுவீங்கள், ஊரே செஞ்சு காட்டியிருக்கு.

உலோகத்தப் பாப்பம். நெருப்பு ஆளுக்கு உலோகம்தான் சொத்து. மூண்டு தூணிலயும் வெளியில ஒரு உலோகமும் இல்ல. அவசரப்பட்டு, பணமில்லாத ஊர் எண்டு எழுதிப்போடாதேங்கோ! சாஜுவில மிருக எழுத்துக்குள்ள ஒளிச்சிருக்கிற எழுத்துகளும் இருக்கு, பாம்புக்குள்ள நெருப்போட மண்ணும் உலோகமும் இருக்கு. மண்ணுக்குக் கீழ ஒளிச்ச உலோகம். கியோங்ஜு நடுவில பச்சைப் புட்டி மாதிரி நிக்கிற மண்மேடெல்லாம் ராசாக்களின்ர சமாதி, 1921இல ஆரோ வீட்டு வேலைக்கு மண் வெட்டேக்கதான் முதல் பொன் முடி வெளியில வந்தது, பிறகு 1973இல இன்னொரு மேட்டில இன்னொண்டு. இப்பிடி ஒளிச்ச எழுத்தப் பாக்காம எழுதுறவைதான் கூட.

பொதுவாச் சொல்லுற வரிகள வெட்டுங்கோ. பெருமையான ஊர், பழமைய மதிக்கிற ஊர் எண்டு எழுதினா அது கண்டிக்கும் பொருந்தும் அனுராதபுரத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு வரியையும் எழுதிப்போட்டு ஊர் பேர மாத்தி வாசிச்சுப் பாருங்கோ, பொருந்தினா அழியுங்கோ. எனக்கு முதல் தரம் பாதிக்கு மேல அழிஞ்சுது.

கெட்ட காலத்துக்கு தசை கணக்கெல்லாம் போடத் தேவையில்ல, நடந்தத எழுதினா போதும். 935இல சில்லாவின்ர கடைசி ராசா கொர்யோ எண்ட புது ராச்சியத்திட்ட தன்ர ராச்சியத்தக் குடுத்தார், கியோங்ஜு எண்ட பேரே அப்ப வந்ததுதான். 1238இல மொங்கோலியர் ஒன்பது தட்டு மரக் கோபுரத்த எரிச்சவை. 2016இல 5.8 அளவில நிலம் அதிர்ந்தது, வானத்தப் பாக்கக் கட்டினதா சொல்லுற சொம்சொங்தே கோபுரம், 27 வரிசை கல்லு, கிட்டத்தட்ட 9 மீற்றர், விழேல்ல.

குணத்துக்கு எண்டு ஒரேயொரு கதை எடுக்கச் சொன்னா நான் 647ஐத்தான் எடுப்பன். சொந்தொக் ராணிக்கு எதிரா பிதாம் எண்ட பிரபு கிளம்பினான். ராணியின்ர படை வொல்சொங் கோட்டையில. நடுச்சாமத்தில பெரிய நட்சத்திரம் ஒண்டு கோட்டைப் பக்கம் விழுந்தது. நட்சத்திரம் விழுந்த இடத்தில ரத்தம் சிந்தும், ராணி முடிஞ்சா எண்டு பிதாம் தன்ர ஆக்களுக்குச் சொல்ல, அங்க ஒரே ஆரவாரம், இஞ்ச பயம். தளபதி கிம் யூசின் என்ன செஞ்சார் தெரியுமோ, ஒரு பொம்மை செஞ்சு நெருப்ப வச்சு பட்டத்தில கட்டி மேல ஏத்தி விட்டார், விடிய ஆக்கள அனுப்பி, ராத்திரி விழுந்த நட்சத்திரம் திரும்ப ஏறீட்டுது எண்டு கதைய பரப்பினார். கலகம் தோத்துது. காலிமுகத்திடலில பட்டம் விடுற எங்களுக்கு இந்த வித்தை எவ்வளவு கஷ்டமெண்டு விளங்கும், அதுவும் ராத்திரியில நெருப்போட!

தம்பிக்கு நான் கடைசியா எழுதிக் குடுத்தது இவ்வளவுதான்: "நீ சூரியன், கிணத்தடியில பிறந்த சூரியன். சொத்த வெளியில காட்டமாட்டாய், செத்த ராசாவின்ர தலைமாட்டில வைப்பாய். சாத்திரத்த நம்புவாய், ஆனா சாத்திரம் உனக்கு எதிராச் சொன்னா பட்டம் ஏத்துவாய்."

அவன் வாசிச்சுப்போட்டு, நாலாவது பெட்டி ஏனக்கா வெறுமையா இருக்கு எண்டான். நேரம் தெரியாது தம்பி எண்டன். அங்க போனா கிம் யூசின்ர சமாதியச் சுத்தி 12 மிருகமும் மனுச உடம்போட ஆயுதம் பிடிச்சுக் கல்லில நிக்குது, ஒவ்வொண்டும் ரெண்டு மணித்தியாலத்துக்குக் காவல், வடக்கில எலியில தொடங்கிச் சுத்தி வா, உனக்கு எது பிடிக்குதோ அத எழுது எண்டு பேனைய குடுத்தன். முதல்ல எக்ஸாம் பாஸ் பண்ணோணும் எண்டுபோட்டு மேல ஏறீட்டான்.