அழும் குழந்தையைக் குதிரையில் ஏற்றாதீர்கள்

கோவைப் பக்கம் ஒரு தோப்பில் மூன்று குதிரைகளை வைத்துக்கொண்டு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். போன மாதம் இதே வேலையைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஓர் இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை அங்கே வரிசையாகப் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஹெல்மெட் போடுங்கள், குதிரைக்குப் பின்னால் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அழகைப் பார்த்துக் குதிரை வாங்குவது

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போனால் மனம் மயங்கிவிடும். காது நுனிகள் ஒன்றையொன்று தொடும் கத்தியவார், மார்வாரிக் குதிரைகள் நிற்கும். மேளத்துக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடும் குதிரையும் வரும். ஆடப் பழக்கிய குதிரை நமக்கு வேண்டாம். அது சத்தம் கேட்டால் கால் தூக்கப் பழகியது. நம்மிடம் வரும் குழந்தையோ திடீரென்று கத்தும், கையை உதறும். பத்து வயது தாண்டிய, பல பேரிடம் பழகிய, குட்டையான குதிரை போதும். இரண்டு பக்கமும் கூட நடந்து வருகிறவர்களுக்குக் குழந்தையின் இடுப்பு கைக்கு எட்ட வேண்டும்.

இன்னொன்று. அசையாமல் நிற்கிற குதிரையெல்லாம் சாது என்று நினைக்காதீர்கள். அடி வாங்கி வாங்கி ஒடுங்கிப்போன குதிரையும் அப்படித்தான் நிற்கும்.

அழுதாலும் தூக்கி ஏற்றுவது

“ஏத்தி உட்கார வெச்சிட்டா சரியாயிடும் மேடம்” என்றார் அந்த இடத்துத் தம்பி. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு வயதுப் பையன், பேச்சு வரவில்லை. முதல் மூன்று வாரம் குதிரை பக்கமே போகவில்லை. லாயத்து வாசலில் உட்கார்ந்து, கொள்ளு டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளி, விரல் இடுக்கில் வழிய விட்டுக்கொண்டே இருப்பான். நான்காவது வாரம் எழுந்து போய், எங்கள் வெள்ளைப் பெண்குதிரையின் முன்னால் ஒரு பிடியைத் தரையில் போட்டான். அது குனிந்து தின்றது. மறுபடி ஒரு பிடி போட்டான். அவனுக்கும் அதற்கும் அன்று பேச்சு தொடங்கியிருந்தது. எனக்கு அது புரியவில்லை.

அன்றைக்கு அவன் அப்பா வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். பணம் கட்டியும் பையன் இன்னும் ஏறவில்லையே என்று அவருக்கு வருத்தம். எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு அவசரம். தூக்கி உட்கார வைத்துவிட்டேன்.

இரண்டு நிமிடம் அலறினான், அப்புறம் சத்தம் நின்றது. எல்லோரும் கைதட்டினோம், அப்பா போட்டோ எடுத்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பிடரியை இறுக்கிப் பிடித்ததில் அவன் விரல்கள் வெளுத்திருக்கின்றன. கண்கள் எதையும் பார்க்கவில்லை. குதிரையின் காதுகள் பின்னால் மடிந்து, தலை தூக்கி, உதடு விறைத்திருக்கிறது. அவன் பயத்தில் உறைந்துபோனான் என்று குதிரைக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதை அமைதி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அடுத்த வாரம் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் மண்பாதைக்குக் கார் திரும்பியதுமே வாந்தி எடுத்தான். வீட்டில் யார் தூக்கினாலும் கடிக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார். அந்தக் கொள்ளு டப்பாவை அவன் மறுபடி தொட ஏழு மாதம் ஆயிற்று.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாக அசைகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். பல குழந்தைகள் அந்தச் சீரான அசைவில்தான் தணிகிறார்கள். பயத்தில் உடம்பு விறைத்துப்போன குழந்தைக்கு அது என்ன செய்யும்? முதல் நாள் பத்து வினாடி உட்கார்ந்தால் போதும். இறங்க வேண்டும் என்று கை நீட்டினால் அந்த நொடியே இறக்குங்கள். வேண்டாம் என்றால் இறக்கிவிடுவார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தை திரும்ப ஏறும். வாரக்கணக்கில் ஏறாமல் குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தாலும் பார்க்கட்டும். இதைப் பெற்றோரிடம் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

குணமாகிவிடும் என்று சொல்வது

அமெரிக்காவின் கொலராடோவில் 6 முதல் 16 வயது வரை உள்ள 127 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. பத்து வாரம் ஒரு பிரிவினர் குதிரை ஏறினார்கள். இன்னொரு பிரிவினர் நிஜக் குதிரை இல்லாமல், குதிரைகளைப் பற்றி மட்டும் கற்றார்கள். ஏறியவர்களிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்தன, பேசும் சொற்கள் கூடின. இது நல்ல செய்திதான். ஆனால் ஆட்டிசம் போய்விட்டது என்று அதில் எங்கும் இல்லை. பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டு உங்களிடம் வருகிற குடும்பத்தை, முதலில் அங்கேயே திருப்பி அனுப்புங்கள்.

குழந்தைக்குப் பின்னால் பெரியவரும் ஏறிக்கொள்வது

சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோ. உங்கள் எடையையும் குழந்தையின் எடையையும் கூட்டிப் பாருங்கள்.

வலிப்பு இருக்கிறதா என்று கேட்காமல் விடுவது

முதல் நாளே கேளுங்கள். இருந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஏற்றாதீர்கள்.

டெட்டனஸ் ஊசி

லாயத்துக்குள் வருகிற எல்லோருக்கும். குதிரைக்கும்.

குடும்பத்தைக் காரில் உட்கார வைப்பது

அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை ஒத்துழைக்காது என்று வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நானும் அனுப்பியிருக்கிறேன். கொள்ளு டப்பாவோடு உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்கு ஒன்பது வயதில் ஒரு அக்கா இருந்தாள். வாராவாரம் காரில் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் உள்ளே வர மறுத்த மாதங்களில் ஒருநாள், சும்மா இருக்கிறாளே என்று அவளிடம் பிரஷ்ஷைக் கொடுத்தேன். குதிரையின் தோளில் வட்டமாகத் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். தம்பி கார் ஜன்னல் வழியாகப் பார்த்தான். சில வாரம் கழித்துக் கதவைத் திறந்தான். அப்புறம் ஒருநாள் அக்காவின் கையிலிருந்த டப்பாவுக்குள் கையை விட்டான். ஏறியது அதற்கும் பல மாதம் கழித்து, அவனாக, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு.

அண்ணன், அக்கா, தங்கை யார் வந்தாலும் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரப்பலாம், புல் போடலாம். அம்மாவுக்கு நிழலில் ஒரு நாற்காலி போடுங்கள், பிள்ளையின் கண்ணில் படும் தூரத்தில்.