ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி.? தாளில் எண்ணிப் பார்க்கும் முறை

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 38 ஏ.டி.பி. (செல் தன் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறு) கிடைக்கும் என்று ஒரு நூலும், 36 என்று வேறொரு நூலும், 30 அல்லது 32 என்று இன்னொரு நூலும் சொல்வதைக் கண்டு, எது சரி என்று தெரியாமல் நான் பல நாள் தடுமாறியிருக்கிறேன். விடையை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, படம் வரைந்து எண்ணத் தொடங்கிய பிறகே அது தெளிந்தது. இதற்குக் காணொளிகளைவிடக் கோடில்லாத வெள்ளைத்தாளும் இரண்டு வண்ணப் பென்சில்களும் ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து; எது எந்தச் சவ்வைக் கடக்கிறது என்பதை நாமே வரைந்தால்தான் மனத்தில் நிற்கிறது.

படி 1: செல்லுக்குள் ஏ.டி.பி.யின் பெரும்பகுதி உருவாகும் இடமான மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதாக வரையுங்கள். வெளிச்சவ்வு மடிப்பில்லாதது, உட்சவ்வு கிரிஸ்டே என்னும் மடிப்புகளாக உள்நோக்கி நீளும். அதற்கு உள்ளே இருப்பது மேட்ரிக்ஸ். இரு சவ்வுகளுக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். புரோட்டான்கள் அங்கேதான் சேரப்போகின்றன.

படி 2: ஒவ்வொரு வரவையும் அது நிகழும் இடத்திலேயே எழுதுங்கள். வெளியே சைட்டோபிளாசத்தில், குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டுகளாக உடையும் கிளைக்காலிசிஸில் நிகரமாக 2 ஏ.டி.பி.யும், எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறான என்.ஏ.டி.ஹெச். 2-உம் கிடைக்கும். மேட்ரிக்ஸில், பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆகும்போது 2 என்.ஏ.டி.ஹெச்.; அந்த அசிட்டைல் கோ-ஏ நுழையும் கிரெப்ஸ் சுழற்சியில் 6 என்.ஏ.டி.ஹெச்., அதைப் போலவே எலக்ட்ரான் சுமக்கும் 2 எஃப்.ஏ.டி.ஹெச்.2, அவற்றுடன் 2 ஏ.டி.பி.க்கு இணையான ஜி.டி.பி. ஆக மொத்தம் 10 என்.ஏ.டி.ஹெச்., 2 எஃப்.ஏ.டி.ஹெச்.2, 4 ஏ.டி.பி.

படி 3: நான் தடுமாறிய இடம் இதுதான். என்.ஏ.டி.ஹெச். நேராக ஏ.டி.பி.யாக மாறுவதில்லை. அது தரும் இரண்டு எலக்ட்ரான்கள் உட்சவ்வில் உள்ள புரதக் கூட்டமைப்புகளின் சங்கிலி வழியே ஆக்சிஜனை நோக்கிச் செல்லும்போது, முதல் கூட்டமைப்பு 4, மூன்றாவது 4, நான்காவது 2 என 10 புரோட்டான்கள் மேட்ரிக்ஸிலிருந்து வெளியேற்றப்படுகின்றன. எஃப்.ஏ.டி.ஹெச்.2 முதல் கூட்டமைப்பைத் தொடாததால் அதன் பங்கு 6 மட்டுமே. அந்தப் புரோட்டான்கள் உட்சவ்வில் உள்ள ஏ.டி.பி. சின்தேஸ் என்னும் நொதி வழியாகத் திரும்பி வரும் விசையில்தான் ஏ.டி.பி. உருவாகிறது. 1961-இல் இக்கருத்தை முன்வைத்த பீட்டர் மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் ஏ.டி.பி.க்கு ஏறத்தாழ 4 புரோட்டான்கள் செலவாகும்: 3 சின்தேஸைச் சுழற்ற, 1 பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவர. எனவே என்.ஏ.டி.ஹெச்.சுக்கு 2.5, எஃப்.ஏ.டி.ஹெச்.2-க்கு 1.5. இப்போது கூட்டுங்கள்: 25 + 3 + 4 = 32. பழைய நூல்கள் இவற்றை 3, 2 என்று முழு எண்களாகக் கொண்டதால் 38 வந்தது.

படி 4: சைட்டோபிளாசத்தில் எழுதிய 2 என்.ஏ.டி.ஹெச்.சைச் சுற்றி வட்டமிடுங்கள். அவை உட்சவ்வைக் கடக்க முடியாது. அவற்றின் எலக்ட்ரான்களை மட்டும் வேறொரு மூலக்கூறு ஏற்றுக் கொண்டுசெல்கிறது. இதயத்திலும் கல்லீரலிலும் உள்ள மாலேட்-அஸ்பார்டேட் வழியில் இழப்பில்லை. கிளிசரால் பாஸ்பேட் வழியிலோ எலக்ட்ரான்கள் முதல் கூட்டமைப்பைத் தாண்டிச் சேர்வதால் ஒவ்வொன்றுக்கும் 1.5 தான் கிடைக்கும். 32 என்பது 30 ஆகும். பழைய கணக்கில் 38 என்பது 36 ஆனதும் இதனால்தான்.

பின்சேர்க்கை: இரத்தச் சிவப்பணுக்களுக்கும் இதே கணக்கா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மனிதரின் முதிர்ந்த சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. அங்கே பைருவேட் லாக்டேட்டாக மாறும்போதே அந்த 2 என்.ஏ.டி.ஹெச்.சும் செலவாகிவிடுவதால், தாளில் முதலில் எழுதிய 2 ஏ.டி.பி. மட்டுமே மிஞ்சும்.