சர்வேயர் அமைப்பில் சேரப் போகிறீர்களா?

நிலம், கட்டடம், சொத்து மதிப்பீடு போன்ற துறைகளில் வேலை செய்யும் சர்வேயர்களுக்காக 1868-இல் லண்டனில் தொடங்கிய தொழில்முறை அமைப்பு ஆர்.ஐ.சி.எஸ். (ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்ட்டர்ட் சர்வேயர்ஸ்). அதில் சார்ட்டர்ட் சர்வேயராக, அதாவது தகுதி சான்றளிக்கப்பட்ட உறுப்பினராகச் சேர நினைப்பவர்கள், விண்ணப்பிக்கும் முன்பே வேலைக் குறிப்பு எழுதத் தொடங்கிவிடுங்கள். என்ன வேலை, அதில் நீங்கள் எடுத்த முடிவு எது, ஏன் எடுத்தீர்கள் என்பதை அன்றன்றே குறித்து வையுங்கள். "குழுவாகச் செய்தோம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். நேர்காணலில் உங்கள் பங்கைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். நீங்கள் வேலை செய்த திட்டம் பற்றி 3,000 சொற்களுக்குள் எழுத வேண்டிய அறிக்கைக்கும் இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

அப்புறம், பதிவுக்கு அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டாம். வேலை மாறினால் சந்தா நினைவூட்டல் உங்களுக்கு வந்து சேராது. நிறுவனமே சந்தா கட்டினாலும், கட்டியாகிவிட்டதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். கட்டத் தவறினால் பறிபோவது உங்கள் உறுப்பினர் தகுதி.