மனச்சோர்வு மாத்திரை: பிள்ளைகள் விஷயத்தில் செய்யக் கூடாத தவறுகள்

"உடம்பு பாதி, அதனால மாத்திரையும் பாதி" என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. எடையோடு ஒப்பிட்டால் சிறுவர்களின் கல்லீரல் பெரியது. பல மருந்துகளை அது பெரியவர்களைவிட வேகமாகச் சிதைத்துவிடும். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை உதாரணமாகப் பாருங்கள். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையப் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 26 மணி நேரம் ஆகும். தினம் 50 மி.கி. எடுத்த பதின்ம வயதினரை ஆய்ந்தபோது, சுமார் 15 மணி நேரமே ஆனது. அதனால் அடுத்த வேளை வருவதற்கு முன்பே சிலருக்குத் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். வீட்டிலோ, "மருந்து ஒத்துக்கல" என்று முடிவுகட்டிவிடுவார்கள். எந்த நேரத்தில் தொல்லை வருகிறது என்று குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் அதே அளவை இரண்டு வேளையாகப் பிரித்துத் தருவார்.

அதற்காக எல்லா மருந்தும் வேகமாகக் கரைந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃப்ளூவாக்ஸ்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தை ஒரே அளவு கொடுத்தால், பன்னிரண்டு வயதுவரையிலான குழந்தைகளின் ரத்தத்தில் அது பதின்ம வயதினருக்கு இருப்பதைப்போல் சுமார் இரு மடங்கு இருக்கும். எடை குறைவு என்பதே முக்கியக் காரணம். அந்த மருந்து உடலில் நிலையான அளவை எட்ட மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்துவது அவசரம்.

தேறியதும் தாங்களாகவே சட்டென்று நிறுத்துவது இன்னொரு தவறு. தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, குமட்டல், தூக்கமின்மை வரலாம். உடனே "அடிமையாயிட்டான்" என்று பயப்பட வேண்டாம். அது போதைப் பழக்கம் அல்ல, மருந்தைப் படிப்படியாகக் குறைக்காததன் விளைவு. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகவும் போடக் கூடாது.

அக்காவுக்குக் கேட்ட மாத்திரை தம்பிக்கும் அப்படியே கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் ஆகிய இரு மனச்சோர்வு மருந்துகளையும் சிதைப்பதில் சி.ஒய்.பி. 2சி19 என்ற நொதிக்குப் பெரிய பங்கு உண்டு. மரபணு காரணமாக அது சரியாக வேலை செய்யாதவர்கள் ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடையே அதிகம். அவர்களுக்குக் குறைந்த அளவு மருந்துகூடப் பக்கவிளைவு தரலாம். பிள்ளை முடியவில்லை என்றால் நடிப்பு என்று ஒதுக்காதீர்கள்.

இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், வலிக்குத் தரும் டிரமடால் இரண்டும் மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட, தொடக்க வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-ல் 24 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் தற்கொலை மரணம் எதுவும் இல்லை. இதைக் கேட்டுச் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடுவதும் தவறுதான், மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும் நோய். வழக்கமில்லாத பதற்றம், தூக்கம் கெடுதல், சாவைப் பற்றிய பேச்சு தெரிந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்கும்.