கலெக்‌ஷனுக்குப் போன மருத்துவ பில்: பதற்றத்தில் செய்யக் கூடாதவை

அமெரிக்காவில் ஒரு தடவை எமர்ஜென்சிக்குப் போய்வந்தால் ஒரே பில்லோடு முடிவதில்லை. மருத்துவமனை ஒன்று அனுப்பும். அங்கே பார்த்த டாக்டர் வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றால் அவர்களிடமிருந்து தனியாக ஒன்று வரும். எக்ஸ்ரேயைப் பார்த்து அறிக்கை எழுதியவர், ரத்தப் பரிசோதனை செய்த லேப் என்று சில மாதங்கள் கழித்தும் வந்துகொண்டிருக்கும். வந்ததையெல்லாம் கட்டிவிட்டு, முடிந்தது என்று இருப்போம். ஒன்று மட்டும் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கும். பேர் கேள்விப்படாத கலெக்‌ஷன் கம்பெனியிலிருந்து, அதாவது கட்டாத பாக்கியை வசூலிக்கும் நிறுவனத்திலிருந்து, கடிதம் வரும்போதுதான் அப்படி ஒரு பில் இருந்ததே தெரியும். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கும் இது நடக்கிறது. அந்தக் கடிதம் வந்த பிறகு செய்யும் காரியங்களில்தான் கவனம் வேண்டும்.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, போனிலேயே கார்டு எண்ணைச் சொல்லிக் கட்டிவிடுவது. கடன் என்று யாராவது கூப்பிட்டால் நமக்கு மனசு பொறுக்காது, கொடுத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் அது ஏற்கெனவே கட்டிய பில்லாக இருக்கலாம், இன்சூரன்ஸுக்கு அனுப்பப்படாத பில்லாக இருக்கலாம், மோசடிக்காரர்களின் அழைப்பாகவும் இருக்கலாம். "விவரத்தைக் கடிதமாக அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ சொல்லவே வேண்டாம். முதலில் தொடர்புகொண்ட 5 நாட்களுக்குள் அவர்கள் விவரம் அனுப்பியாக வேண்டும்: கடன் யாருக்குச் சேர வேண்டியது, தொகை எப்படி வந்தது, எந்தத் தேதிக்குள் நீங்கள் மறுக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்தத் தேதியைத் தவறவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். கடன் வசூல் முறைகளைக் கட்டுப்படுத்தும் 1977ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, அந்த விவரக் கடிதம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலமாக மறுத்தால், ஆதாரம் அனுப்பும் வரை அவர்கள் வசூல் முயற்சியை நிறுத்தியாக வேண்டும். போனில் வாதாடினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நாலு வரி போதும்: இந்தக் கணக்கு எண்ணில் சொல்லப்படும் கடனை நான் மறுக்கிறேன், ஆதாரம் அனுப்புங்கள். கோபம், விளக்கம், உடம்புக்கு என்ன வந்தது என்ற கதை, எதுவும் அதில் தேவையில்லை. சர்ட்டிஃபைட் மெயிலில், கையெழுத்திட்டுப் பெற்ற ரசீது திரும்பி வரும்படி அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கலெக்‌ஷன் கம்பெனியோடு மட்டுமே பேசிக்கொண்டிருக்காதீர்கள். பிரச்சினையின் வேர் பெரும்பாலும் மருத்துவமனைக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. இன்சூரன்ஸ் இணையதளத்தில் போய், சிகிச்சை நடந்த தேதிக்கு இஓபி (Explanation of Benefits) இருக்கிறதா என்று தேடுங்கள். இது பில் அல்ல, எவ்வளவு கேட்டார்கள், இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுத்தது, உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டும் தாள். அந்தப் பங்கும் கலெக்‌ஷன் கடிதத்துத் தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால், உங்கள் மறுப்புக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இஓபியே இல்லையென்றால், இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு மருத்துவமனை அனுப்ப வேண்டிய க்ளெய்மே பெரும்பாலும் போகவில்லை என்று அர்த்தம். வேலை மாறியபோது பழைய இன்சூரன்ஸ் கார்டு பதிவில் நின்றுபோவது ரொம்ப சகஜம். சரியான கார்டு விவரத்தைக் கொடுத்து க்ளெய்ம் அனுப்பச் சொல்லுங்கள். கெடு முடிந்துவிட்டது என்பார்கள். நெட்வொர்க்குக்குள் இருக்கும், அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனை உரிய காலத்தில் க்ளெய்ம் அனுப்பத் தவறினால், அந்தச் சுமையை நோயாளி மேல் போடக் கூடாது என்று இன்சூரன்ஸோடு அது போட்ட ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் இருக்கும். இன்சூரன்ஸ் ஆட்களையே மருத்துவமனையைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டிருந்தால், அந்த அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 180 நாட்கள் உண்டு. எமர்ஜென்சியில் பார்த்த டாக்டர் நெட்வொர்க்கில் இல்லை என்று மீதியை உங்களிடம் கேட்டால், அப்படிக் கேட்பதைத் தடுக்கும், 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டத்தைக் காட்டுங்கள். சாலையில் போகும் ஆம்புலன்ஸ் மட்டும் அதில் வராது, அது வருத்தமான ஓட்டைதான்.

மருத்துவமனையின் பில்லிங் பிரிவிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கடனை விற்றுவிட்டீர்களா, இல்லை வசூலிக்க மட்டும் கொடுத்தீர்களா? வசூலிக்க மட்டும் கொடுத்திருந்தால் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களால் முடியும், தவறு அவர்கள் பக்கம் என்று காட்டினால் எடுத்துக்கொள்வதும் உண்டு. இரண்டாவது, உதவித் திட்டம் இருக்கிறதா என்பது. லாப நோக்கற்ற மருத்துவமனைகள் கட்டணச் சலுகைத் திட்டம் வைத்திருந்தே ஆக வேண்டும். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் பில்லிலிருந்து 240 நாட்கள் வரை அந்த விண்ணப்பத்தை அவர்கள் ஏற்க வேண்டும், கலெக்‌ஷனுக்குப் போயிருந்தாலும்கூட. நமக்கெல்லாம் தரமாட்டார்கள் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். வருமான வரம்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் ஓரளவு குறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் கட்டணம் போட்ட பில்லையும் அப்போதே கேளுங்கள். செய்யாத பரிசோதனையோ இரண்டு தடவை போட்ட மருந்தோ அதில்தான் கண்ணில் படும்.

தெரிந்தவர்கள் சொல்லும் இரண்டு யோசனைகளை நம்ப வேண்டாம். மாதம் 5 டாலர் அனுப்பிக்கொண்டிருந்தால் கலெக்‌ஷனுக்கு அனுப்ப முடியாது என்பது ஒன்று. மருத்துவமனை எழுத்தில் ஒப்புக்கொண்ட தவணை இல்லாமல் அது செல்லாது. நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி கலெக்‌ஷனுக்குக் கொடுத்ததே தவறு என்பது இன்னொன்று. வசூலுக்குத் தேவையான அளவு தகவலைக் கொடுக்க அந்தச் சட்டமே அனுமதிக்கிறது.

கிரெடிட் ஸ்கோர் போய்விடுமே என்ற பயம்தான் பலரை அவசரமாகக் கட்ட வைக்கிறது. கிரெடிட் அறிக்கை தயாரிக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்கள் மூன்றும் 2022லிருந்து, கட்டி முடித்த மருத்துவக் கலெக்‌ஷனை அறிக்கையில் வைப்பதில்லை. கட்டாததையும் ஒரு வருடம் ஆகும் வரை சேர்ப்பதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து 500 டாலருக்குக் குறைவானவற்றையும் எடுத்துவிட்டார்கள். இது அவர்களாக ஏற்ற கொள்கை. எல்லா மருத்துவக் கடனையும் நீக்கச் சொல்லி 2025இல் வந்த கூட்டரசு விதியை அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே பெரிய தொகை என்றால் அசட்டையாகவும் இருக்க முடியாது. ஆனால் சரிபார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

கடன் பல வருடம் பழையது என்றால், கொஞ்சம் கட்டிவைப்போம் என்று 20 டாலர் அனுப்புவது ஆபத்து. வழக்குப் போடும் காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பல மாநிலங்களில் ஒரு சிறு தொகை கட்டினாலே அது புதிதாக ஆரம்பித்துவிடும். நீதிமன்றச் சம்மன் வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கடன் உங்களுடையதே இல்லை என்றாலும், பதில் போடாமல் விட்டால் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய், சம்பளத்தில் பிடிக்கும் வரைக்கும் வரலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு உங்கள் மாவட்டத்திலேயே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு பில் சரியானதுதான் என்று தெரிந்தால் கட்டிவிடுங்கள். தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் போகட்டும். பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், ஏனென்றால் கட்டிய கடனே வேறொரு கம்பெனியின் பெயரில் மறுபடி வருவதுண்டு.