ரஃபேலா, சுகோயா, தேஜஸா: ஒப்பிடும்போது எங்கே தப்பு நடக்கிறது?

ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவரிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "ஏறும்போதா, இறங்கும்போதா?" என்பார். எத்தனை பேர், எவ்வளவு மூட்டை என்பது அடுத்த கேள்வி. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கற்றுக்கொடுத்த புத்தி அது. பேச்சு ரஃபேல், சுகோய், தேஜஸ் என்று நம் விமானப்படையின் போர் விமானத்துக்கு மாறியதும் அந்தப் புத்தி எங்கேயோ போய்விடுகிறது. வெலிங்டன் ராணுவக் குடியிருப்பும் அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரியும் குன்னூருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மலை இறங்கிக் கோவை தாண்டினால் சூலூர் விமானப்படைத் தளம். குன்னூர்ப் பக்கம் எந்த விமானம் சிறந்தது என்ற வாக்குவாதத்துக்குப் பஞ்சமே இல்லை. எண்கள் சரளமாக வந்து விழும். எந்த நிலையில் அளந்த எண் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதல் தவறு, உச்ச வேகம். மேக் 2 (ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம்) என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இறக்கைக்குக் கீழே ஒன்றும் தொங்காமல், பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், ஆஃப்டர்பர்னரை (எஞ்சினின் வால்பக்கம் கூடுதல் எரிபொருளைக் கொளுத்தும் அமைப்பை) எரித்துச் சில நிமிடங்கள் தொடும் வேகம். தஞ்சாவூர் சுகோய் வயிற்றுக்கடியில் இரண்டரை டன் பிரமோஸ் ஏவுகணையைக் கட்டிக்கொண்டு அந்த வேகத்துக்குப் போகாது. சோவியத் மிக்-25 மேக் 3-ஐத் தாண்டியது உண்மைதான். ஆனால் அப்படிப் பறந்தால் எஞ்சின் பாழாகும் என்பதால் அதற்கு வைத்திருந்த வரம்பு மேக் 2.83. எதையும் உச்ச வேகத்தால் மட்டும் அளப்பது, கல்லாறிலிருந்து பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் மலை ரயில் எஞ்சினை 'மெதுவாகப் போகிறது' என்று தள்ளிவைப்பது போலத்தான்.

கணக்கு மோசமாகக் குழம்புவது உந்துவிசையை எடையால் வகுக்கும் இடத்தில். தோராய எண்களை வைத்தே பார்க்கலாம். தேஜஸ் மார்க்-1: காலி எடை 6.5 டன், உள் டேங்க் எரிபொருள் 2.45 டன், ஆஃப்டர்பர்னரில் எஞ்சின் தரும் விசை 8.6 டன். சுகோய்-30 எம்கேஐ: காலி எடை 18.4, எரிபொருள் 9.6, இரண்டு எஞ்சினும் சேர்ந்து 25. ரஃபேல்: 10, 4.7, 15.3.

விசையைக் காலி எடையும் எரிபொருளும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்போம்; எண் பெரிதாக இருந்தால் விமானம் சுறுசுறுப்பு. பாதி டேங்க் என்று வைத்தால் தேஜஸ் 1.11, சுகோய் 1.08, ரஃபேல் 1.24. முழு டேங்க் என்றால் தேஜஸ் 0.96, சுகோய் 0.89, ரஃபேல் 1.04. தூக்கக்கூடிய மொத்த எடையோடு, அதாவது 13.5, 38.8, 24.5 டன்னோடு கிளம்பினால் 0.64, 0.64, 0.62. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! யாருக்கு எது ஜெயிக்க வேண்டுமோ அதற்கேற்ற வரியை எடுத்துக்கொள்ளலாம்.

'பாதி டேங்க்' கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் நியாயமில்லை. சுகோயின் பாதி டேங்க் 4.8 டன், தேஜஸின் முழு டேங்க்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிறையச் சுமப்பதே சுகோய்க்குக் குற்றமாகிவிடுகிறது. வேலையைத்தான் சமமாக்க வேண்டும்: இரண்டும் 400 கிலோமீட்டர் போய், பத்து நிமிடம் சண்டை போட்டு, கையிருப்போடு திரும்ப வேண்டும் என்று வையுங்கள். சண்டை தொடங்கும் நொடியில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு எரிபொருள் மிச்சம், எத்தனை ஏவுகணை என்று பார்த்து அந்த எடையால் வகுங்கள். சின்ன விமானம் ட்ராப் டேங்க் (வெளியே தொங்கும் கூடுதல் டேங்க்) இல்லாமல் அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் டேங்கின் எடையும் காற்றுத் தடையும் கணக்கில் ஏறவேண்டும். இங்கே லிட்டரையும் கிலோவையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. 1,200 லிட்டர் ட்ராப் டேங்கில் இருப்பது ஏறக்குறைய 960 கிலோ; விமான எரிபொருள் லிட்டருக்கு 0.8 கிலோதான்.

அடுத்தது காற்று. எஞ்சின் விசை என்று போட்டிருப்பது கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், விமானம் அசையாமல் நிற்கும்போது அளந்தது. ஊட்டியின் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம். வெயில் ஏறி 20 டிகிரி ஆனால் 75. ஊட்டியில் ரன்வே இல்லை, 3,256 மீட்டரில் லே நகரத்தில் இருக்கிறது. அங்கே 20 டிகிரி பகலில் அடர்த்தி மூன்றில் இரண்டு பங்குக்கு வந்துவிடும். இறக்கை அதே எடையைத் தூக்க 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் வேகம் வேண்டும். அந்த வேகத்தைக் கொடுக்க வேண்டிய எஞ்சினோ இளைத்துப் போயிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரன்வேயில் ஓடும் தூரம் தோராயமாக இரண்டு மடங்கைத் தாண்டும். எரிபொருளையோ குண்டையோ குறைக்காமல் வேறு வழியில்லை. அதனால் 'இத்தனை டன் சுமக்கும்' என்றால், எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

பயிற்சிச் சண்டை முடிவுகளை ஸ்கோர் போல ஒப்பிப்பதும் வேண்டாம். 2004-இல் குவாலியரில் இந்திய சுகோய்களிடமும் மிராஜ், மிக்-21 பைசன்களிடமும் அமெரிக்க எஃப்-15 திணறியதை இன்றும் பேசுகிறோம். எஃப்-15 எண்ணிக்கையில் குறைவாகவும், தொலைதூர ஏவுகணையை முழு வீச்சில் பயன்படுத்தாத விதியோடும் பறந்ததைச் சொல்வதில்லை.

விபத்து எண்ணிக்கையும் அப்படியே. 1963-இல் வந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற மிக்-21 எத்தனை விழுந்தது என்பதை, போன வருஷம் வந்த விமானத்தோடு எப்படி ஒப்பிடுவது? 10,000 பறக்கும் மணிக்கு எத்தனை என்பதுதான் அளவு. காரணத்தையும் பிரிக்க வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற மி-17 ஹெலிகாப்டர் விழுந்ததும் இயந்திரத்தைத்தான் பலர் குறை சொன்னார்கள். முப்படை விசாரணையோ இயந்திரக் கோளாறு இல்லை, திடீரென மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசை மயங்கியது என்றது. மேகமூட்டம் இறங்கும் வேகம் தெரிந்த நமக்கு அது புரியாததல்ல.

பராமரிப்புக்கு வருவோம். ஒரு மணி நேரம் பறக்க இவ்வளவு டாலர் என்று ஓர் எண் சுற்றும். ஸ்வீடனின் கிரிப்பன் 4,700, எஃப்-16 7,000, ரஃபேல் 16,500 என்பது 2012-இல் ஜேன்ஸ் என்ற ராணுவ ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கு. போடச் சொன்னது கிரிப்பனைத் தயாரிக்கும் சாப் நிறுவனமே! பொய்க் கணக்கு என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இன்னொரு நாட்டு எண்ணோடு சேர்க்கக் கூடாது. எரிபொருளும் தேயும் பாகங்களும் மட்டும் ஒரு கணக்கு. டிப்போ ஓவர்ஹால் (பணிமனையில் முழுதாகப் பிரித்துச் சரிபார்ப்பது), ஆள் சம்பளம், மென்பொருள் மேம்பாடு சேர்ந்தால் அதே விமானத்துக்கே எண் பல மடங்காகும்.

விலையை வகுப்பதும் இதே ரகம். 2016 ஒப்பந்தத்தில் 36 ரஃபேலுக்கு ஏறக்குறைய 787 கோடி யூரோ. வகுத்தால் ஒன்று 21.9 கோடி யூரோ. ஆனால் அந்தத் தொகைக்குள் ஆயுதம், இந்தியாவுக்கான மாற்றங்கள், ஸ்பேர், எப்போதும் 75 சதவீத விமானங்கள் தயாராக இருக்கும் என்ற ஐந்து வருட உத்தரவாதம் எல்லாம் அடக்கம். வெறும் விமான விலையோடு இதை வைத்துப் பேசுவது, கல்யாண மண்டபச் செலவையும் சேர்த்துப் புடவை விலை சொல்வது போல.

'தயார்நிலை' என்ற சொல்லிலும் வழுக்கும். ஒரே ஒரு வகைப் பணிக்காவது பறக்க முடிந்தால் அமெரிக்கக் கணக்கில் அது தயார். எல்லாப் பணிக்கும் முடிந்தால்தான் முழுத் தயார். எஃப்-35-இன் 55 சதவீதம் (2023 மார்ச்) முதல் வகை. இன்னொரு நாட்டின் இரண்டாம் வகையோடு அதை வைத்தால் ஒப்பீடே இல்லை.

எஞ்சின் ஆயுளில் இரண்டு எண் உண்டு: ஓவர்ஹால் வரை எத்தனை மணி, மொத்தம் எத்தனை மணி. சுகோயின் ஏஎல்-31எஃப்பிக்கு 1,000, 2,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. விமானத்தின் உடல் 6,000 மணி தாங்குமென்றால், ஒரு விமானம் தன் ஆயுளில் ஆறு எஞ்சின்களைத் தின்னும். 2024 செப்டம்பரில் 240 எஞ்சின்களுக்கு 26,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது ஏன் என்பது இந்தக் கணக்கில் புரியும்.

பத்து நிமிடத்தில் மறுபடி பறக்கும் என்று கிரிப்பனைப் புகழ்வார்கள். அது எரிபொருளும் ஏவுகணையும் ஏற்ற ஆகும் நேரம். பழுது பார்க்கும் நேரமல்ல. பழுதுக்கு ஸ்பேர் வேண்டும். ஸ்டோரில் பாகம் இருந்தால் கெட்டதைக் கழற்று, புதியதை மாட்டு: இரண்டு வேலை. இல்லையென்றால் முதல் விமானத்தில் கெட்டதைக் கழற்றி, நிற்கும் இரண்டாவதில் நல்லதைக் கழற்றி, முதலாவதில் மாட்டி, பின்னால் பாகம் வந்ததும் இரண்டாவதில் மாட்டவேண்டும்: நாலு வேலை. ஒவ்வொரு கழற்றலிலும் ஒரு கனெக்டர் பின் வளையலாம், ஒரு சீல் கிழியலாம். இந்த நாலு வேலையும் அந்த ரக விமானத்தின் பராமரிப்பு மணிக் கணக்கில்தான் ஏறும்; ஸ்டோர் காலியாக இருந்தது அந்தப் பட்டியலில் எங்கும் தெரியாது.