தோட்டத்துக் கோவிலின் வரலாற்றையும் கலையையும் பதிவு செய்யும் முறை

இலங்கையின் மலையகத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களுக்கு மேலே, தேயிலைச் சரிவில் நிற்கும் அந்தோனியார் கோவிலையோ மாதா கெபியையோ (குகை வடிவச் சிற்றாலயம்) ஆராய விரும்புபவர், முதலில் பங்குத்தந்தையின் அனுமதியுடன் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கண்டி மறைமாவட்டம் 1886இலும் அதிலிருந்து பிரிந்த பதுளை மறைமாவட்டம் 1972இலும் நிறுவப்பட்டமையால், பதுளை அடங்கிய ஊவா மாகாணக் கோவிலொன்றின் பழைய ஏடுகளைக் கண்டியிலும் தேட நேரலாம். பெற்றோரின் பூர்வீக ஊர் குறிக்கப்பட்டிருந்தால், அதை எழுத்து மாறாமல் பிரதி செய்யுங்கள்.

புனிதரின் உருவச்சிலையான சொரூபத்துக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். திருவிழாதோறும் எனாமல் பூசப்பட்டு வந்த சுதைச் சொரூபத்தின் அடி விளிம்பில், பீடத்தோடு உரசி வர்ணம் பெயர்ந்த இடத்தை உருப்பெருக்கியால் பார்த்தால், நீலத்தின் கீழே பழுப்பும் அதன் கீழே வெண்சுதையும் அடுக்கடுக்காகத் தெரியக்கூடும். தயவுசெய்து சுரண்டாதீர்கள், ஈரத்துணியாலும் துடைக்காதீர்கள். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், வர்ணத்துக்குள் புதைந்த உபயகாரர் (நன்கொடையாளர்) பெயரோ ஆண்டோ நிழலாக எழும்பலாம். அப்போது அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். கூரைத் தகரத்தையும் கதவையும் சுருக்கமாகக் குறித்தால் போதும்.

கோவில் காரியங்களைக் கவனிக்கும் மூப்பரிடம் அது கட்டப்பட்ட ஆண்டைக் கேட்பதைவிட, பவனியில் சொரூபம் வைத்த கூட்டைத் தூக்கியவர்கள் யார் என்று கேட்பது பலன் தரும். இலங்கையில் மறைபரப்பிய கத்தோலிக்கக் குருவான புனித ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்து 1711இல் அங்கேயே இறந்தார். பெருந்தோட்டங்களோ 19ஆம் நூற்றாண்டில்தான் உருவாயின. ஆகவே தோட்டத்துக் கோவிலை அவரே கட்டினார் என்று யாரேனும் சொன்னால், அதை மக்களின் பக்திக்குச் சான்றாக மரியாதையுடன் தனியே எழுதுங்கள்.